அமுதவல்லி மேடத்தின் ஓய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. எங்கள் பல்கலைக்கழகத்தைத் திட்டுவதற்கு எனக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது, திட்டவும் போகிறேன். ஆனால் அமுதவல்லி மேடம் உப்பள வரப்பில் விழுந்து கிடந்தபோது கையில் போனோடு நின்றது பல்கலைக்கழகம் இல்லை. ஆரோக்கியராஜ் ஆகிய நான்தான், வேதியியல் துறை, உதவிப் பேராசிரியர், பணி நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை.

எங்கள் நெய்தல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. மூன்று பக்கம் உப்பளம், ஒரு பக்கம் ரோடு. ஜூன் மாதம் தரமதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அந்தக் குழுவின் கேள்விப் பட்டியலில் இந்த வருடம் ஒரு கேள்வி புதிது: ஆசிரியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க நிறுவனம் என்ன செய்தது? இருபது மதிப்பெண். அதுவரை எங்களுக்கு மன அழுத்தம் உண்டு என்பதே நிர்வாகத்துக்குத் தெரியாது. இருபது மதிப்பெண் என்றதும் தெரிந்துவிட்டது.

மார்ச் மாதம் துணைவேந்தர் தட்சணாமூர்த்தி நூற்று முப்பது ஆசிரியர்களையும் அரங்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் பேசினார், வகுப்புகள் கெடக்கூடாது அல்லவா.

"நண்பர்களே, ஸ்ட்ரெஸ் என்பது வெறும் மனநிலை. எனக்கு இல்லை. எனக்கே இல்லாதபோது உங்களுக்கு எப்படி இருக்க முடியும்? ஆனாலும் இருக்கிறது என்று நீங்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். பரவாயில்லை. மே முப்பத்தொன்றுக்குள் இந்த வளாகத்தில் ஸ்ட்ரெஸ் இருக்கக் கூடாது. இருந்தால் சம்பந்தப்பட்ட துறைத்தலைவர் எழுத்துபூர்வமாக விளக்கம் தர வேண்டும். அப்புறம், ஒர்க்-லைஃப் பேலன்ஸ். ஒரு தட்டில் ஒர்க் இருக்கிறது, திங்கள் முதல் சனி வரை. மறு தட்டு காலியாக இருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு லைஃப் வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவு உண்டு."

கை தட்டினோம். தட்டாதவர்களை யாராவது குறித்துக்கொள்வார்களோ என்று எல்லோருமே கொஞ்சம் அதிகமாகத்தான் தட்டினோம்.

நலவாழ்வு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவி உண்டாக்கினார்கள். அதற்கு யாரைப் போடுவது என்று தர உறுதிப் பிரிவு இயக்குநர் சிலம்பரசன் பட்டியலைப் புரட்டினார். என் பேரில் விரல் நின்றது. "பேர்லயே ஆரோக்கியம் இருக்குது சார். இவரையே போட்டுடலாம்" என்றார். அவ்வளவுதான் தகுதித் தேர்வு. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேர வகுப்பு, லேப், விடைத்தாள், அட்மிஷன் வேலை எல்லாவற்றுக்கும் மேலே, மற்றவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் வேலையும் என் தலையில் ஏறியது.

முதலில் ஒரு படிவம். "நான் பணியிடத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்பதற்கு எதிரே மூன்று கட்டங்கள்: ஆம், மிகவும் ஆம், இல்லை. இல்லை என்று டிக் அடித்த பதினேழு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ போனது. அடுத்த வாரம் அந்தக் கட்டத்தை ஒருவரும் தொடவில்லை. பயன்பாடு இல்லாததால் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்து, விடுமுறை நாளில் ஆசிரியர்களுக்கு அலுவல் செய்தி அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாட்ஸப்பில் வந்தது. எட்டு மணிக்குள் எல்லோரும் 'பார்த்தேன், நன்றி' என்று போட வேண்டும். போடாத ஆறு பேரை நான்தான் போன் போட்டு எழுப்பினேன். அதில் ஒருத்தர் கோயிலில் இருந்தார், அவரையும் விடவில்லை.

அதற்கப்புறம் சிரிப்புப் பயிற்சி. காலையில் கைரேகை மெஷினுக்கு முன்னால் நின்று ஒரு நிமிடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டுத்தான் விரல் வைக்க வேண்டும். ஆள் நூற்று முப்பது, மெஷின் ஒன்று. வரிசையில் நின்று சிரித்து முடிப்பதற்குள் ஒன்பதைத் தாண்டிவிட்ட நாற்பது பேருக்கு அரைநாள் விடுப்பு கழிந்தது. கணிதத் துறை வெங்கடாசலம் சாருக்கு அதைக் கேட்டு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஒழுங்கீனம் என்று அவருக்குத் தனி மெமோ.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு காரியம் நடந்ததாக ஆக வேண்டுமென்றால் ஜியோ-டேக் போட்டோ வேண்டும். போட்டோவின் அடியில் இடம், தேதி, மணி, நிமிடம், நொடி எல்லாம் விழ வேண்டும். விழாவிட்டால் நடக்கவில்லை. நடக்காத கருத்தரங்கம்கூட டேக் விழுந்த போட்டோ இருந்தால் நடந்ததுதான். நான் மச்சான் கல்யாணத்தில் தாலி கட்டும்போது அந்த ஆப்பைத்தான் திறந்து படம் எடுத்தேன், அவ்வளவு ஊறிப்போயிருந்தது. டேக் விழாத போட்டோக்களுக்காக அந்த மாதம் எனக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ வந்திருந்தது. மூன்றாவது வந்தால் நிரந்தர உத்தரவு நிற்கும் என்று சிலம்பரசன் காதோடு சொல்லியிருந்தார்.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு, 'இயற்கையோடு இணைதல்' என்ற பேரில் உப்பளத்தில் யோகா. குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டிவந்தோம். எல்லோரும் வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று சுற்றறிக்கை. நூற்று முப்பது பேர் நிற்க இடமில்லாமல் வரப்பு நெடுக ஒற்றை வரிசையாக நிறுத்தினேன். பாத்திக்குள் ஆட்கள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை வெட்டி இல்லாத கூட்டம் என்று எங்களைப் பார்த்து நினைத்திருப்பார்கள்.

அமுதவல்லி மேடம் எங்கள் துறையில் எனக்கு மூத்தவர். நாற்பத்தாறு வயது. முந்தின நாள் பூராவும் அட்மிஷனுக்காகக் கிளியனூரில் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார். ஒவ்வொரு ஆசிரியரும் பன்னிரண்டு பிள்ளைகளைப் பிடித்துவர வேண்டும், மேடத்துக்கு இன்னும் ஏழு பாக்கி. முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, எனக்கு ஒரு மாதிரி இருக்குது. நான் ஓரமா ஒக்காந்துக்கட்டுமா?"

"மேடம், கவுன்ட் கொறையுது. ஒரே ஒரு போட்டோ. அதுக்கப்புறம் தாராளமா ஒக்காந்துக்கோங்க."

இதைச் சொன்ன வாய் இதே வாய்தான். அவர் போய் வரிசையில் நின்றார்.

மாஸ்டர் எல்லோரையும் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். அப்போது மேடம் முதலில் முட்டி போட்டார், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தார், அப்புறம் வரப்பில் மல்லாந்து கிடந்தார். பின்னால் உப்புக் குவியல், அதற்கும் பின்னால் சூரியன். ஒரு தரம் அமுக்கினேன். டேக் விழவில்லை. உப்பளத்தில் டவர் எப்போதுமே மோசம். திரையில் 'இடம் தேடப்படுகிறது' என்று ஓடிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்கும்போது ஒருத்தர் மட்டும் படுத்துச் செய்கிற ஆசனம் எதுவும் கிடையாது. சவாசனம் கடைசியில்தான் வரும், அந்த நிகழ்ச்சி நிரலை டைப் அடித்ததே நான்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நின்றேன். 'வந்துடும், இதோ வந்துடும்' என்று நின்றேன்.

பாத்தியிலிருந்து பொன்னி என்கிற உப்பளத்து அம்மாள் கத்தினார். "யோவ்! பொம்பள வுயுந்து கெடக்குது, போட்டோ புடிச்சிகினு நிக்கிறியே, நீயெல்லாம் இன்னா மனுசன்யா?"

அந்த நேரம் பார்த்து இடம் கிடைத்தது, மறுபடி அமுக்கினேன், டேக் விழுந்தது. விழுந்த பிறகுதான் ஓடினேன். எனக்கு முன்னால் பொன்னி ஓடிவந்து, தன் கேன் தண்ணீரை மேடத்தின் முகத்தில் அடித்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார். தன் தூக்கிலிருந்த டீயைப் புகட்டினார். மேடம் கண்ணைத் திறந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"சாரி தம்பி. உங்க ப்ரோக்ராம கெடுத்துட்டேனா?"

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருபத்தைந்து போட்டோ ஏற்ற வேண்டும். எனக்கு டேக் விழுந்தது சரியாக இருபத்தைந்து, அதையும் சேர்த்து. அழிக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அழித்தால் இருபத்துநான்கு. ஏற்றிவிட்டேன். ஏற்றும்போதே கேலரியில் பார்த்தேன். டேக் விழாத முதல் போட்டோவுக்கும் டேக் விழுந்த போட்டோவுக்கும் இடையில் நாற்பது நொடி. ஒரு ஆள் விழுந்து கிடக்கும்போது நாற்பது நொடி என்பது எவ்வளவு நேரம் என்று வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள். நான் பல தடவை எண்ணியாயிற்று.

பாண்டிச்சேரியில் டாக்டர் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு, இரண்டு மாதம் முழு ஓய்வு எடுக்காவிட்டால் அடுத்த தடவை மயக்கத்தோடு போகாது என்று எழுதிக் கொடுத்தார். மேடத்துக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. பிள்ளை இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். தானாக நின்றால் வேலை போகும். முறைப்படி மருத்துவ விடுப்பு வாங்கியாக வேண்டும்.

அதற்குள் மெயின் கேட்டில் பன்னிரண்டு அடிக்கு ஒரு பேனர் ஏறிவிட்டது. உப்புக் குவியல், சூரியன், மல்லாந்து கிடக்கும் மேடம். மேலே 'அமைதியின் முகம்', கீழே 'முழுமையான ஓய்வில் பேராசிரியை அமுதவல்லி'. எல்லாப் போட்டோவிலும் அதுதான் இயற்கையாக இருந்தது என்று துணைவேந்தரே தேர்ந்தெடுத்தாராம். இயற்கையாக இருக்காதா பின்னே!

விடுப்பு விண்ணப்பம் சிலம்பரசனிடம் வந்தது. மேடத்தையும் என்னையும் கூப்பிட்டார்.

"மேடம், கேட்டுல பன்னெண்டு அடிக்கு நீங்க ரெஸ்ட்டுலதான் இருக்கறீங்க. இன்னும் எதுக்கு ரெஸ்ட்டு?"

"சார், அன்னிக்கி நான் மயக்கம் போட்டு வுழுந்து கெடந்தேன் சார்."

"எனக்குப் புரியுது மேடம், மனுஷனா நான் ஃபீல் பண்றேன். ஆனா ஃபைல் ஃபீல் பண்ணாதே? மயக்கம்னா மயக்கத்துக்கு எவிடன்ஸ் வேணும். யோகாவுக்கு எவிடன்ஸ் இருக்குது, டைமோட இருக்குது. ஒரே டைம்ல ஒரு ஆளு ரெண்டும் பண்ண முடியாது இல்லீங்களா?" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்கதான எடுத்தது? சொல்லுங்க சார், யோகாவா, மயக்கமா?"

மேடம் நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். போன வருடம் என் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது நாள் என் வகுப்பையெல்லாம் சேர்த்து எடுத்தவர் அவர். ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அது ஞாபகம் வந்தது. நிரந்தர உத்தரவும் ஞாபகம் வந்தது.

"நான் போட்டோ டேக்ல கவனமா இருந்தேன் சார்" என்றேன்.

பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வெளியே வராந்தாவில் மேடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நெசமாவே நீங்க பாக்கலியா?"

"இல்ல மேடம்."

"செரி, வுடுங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று என்னையே சமாதானப்படுத்திவிட்டு வகுப்புக்குப் போனார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லேப்பில் மேடம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று டைட்ரேஷன் சொல்லிக்கொடுப்பார். நடுநடுவே பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து 'மே மாத மகிழ்ச்சி அறிக்கை' தயாரித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் என் மனைவி இலக்கியா, "மூஞ்சி ஏன் இப்டி இருக்குது, எதாவது திருடிட்டியா?" என்று கேட்டாள். திருடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டிருப்பேன்.

ஜூனில் குழு வந்தது. ஐந்து பேர், சந்தன மாலை, பூரணகும்பம். ஒவ்வொரு துறையிலும் ஒரு வகுப்பாவது நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால் அமுதவல்லி மேடம் வகுப்பில் இருந்தார். மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் அரங்கத்தில். நலவாழ்வு பற்றி ஒருங்கிணைப்பாளர் இரண்டு நிமிடம் பேசுவார் என்றார்கள். எழுதிவைத்திருந்த தாள் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"அந்த பேனர்ல இருக்கறது யோகா இல்லீங்க" என்றேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. ஒரு மாதிரி இருக்குது என்று மேடம் முன்னாடியே சொன்னதை, நான் விடாததை, விழுந்ததை, டேக்குக்காக நாற்பது நொடி நின்றதை, சிலம்பரசன் கேட்டபோது மழுப்பியதை, வராந்தாவில் முகத்துக்கு நேரே பொய் சொன்னதை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு போட்டோவையும் காட்டினேன். "தப்பு என்னுது. அவங்களுக்கு லீவு குடுங்க, டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார்" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். நூறு பேருக்கு முன்னால், முப்பத்துநான்கு வயதில்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

துணைவேந்தர் எழுந்தார். என்னிடம் வந்தார். தோளில் கை போட்டார்.

"மதிப்புக்குரிய குழுவினரே, இதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்பினேன். ஓர் ஆசிரியர், நிர்வாகத்தின் முன்னிலையில், தன் மனபாரத்தை இவ்வளவு சுதந்திரமாக இறக்கிவைக்க முடிகிறது என்றால் அந்த வளாகம் எப்படிப்பட்ட வளாகம்? வேறு எந்த நிறுவனத்தில் இப்படி அழ முடியும்? இங்கே அழலாம். நாங்கள் அனுமதிக்கிறோம்."

கைதட்டல். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ரொம்ப நெகிழ்ச்சியா இருக்குது. இந்த மாதிரி மனம் திறக்கும் அமர்வு மாசம் ஒரு தடவை வெச்சிருக்கீங்களா?"

"வாரம் ஒரு தடவை" என்றார் துணைவேந்தர்.

நான் அழுததை யாரோ டேக்கோடு எடுத்திருந்தார்கள். டவர் அரங்கத்தில் நன்றாகக் கிடைக்கும். இருபதுக்கு இருபது வந்தது.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. குற்ற உணர்வால் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளாகியிருப்பது குழுவின் முன்னிலையில் ஆதாரபூர்வமாக நிரூபிக்கப்பட்டதால், உதவிப் பேராசிரியர் ஆரோக்கியராஜுக்கு அறுபது நாள் முழுச் சம்பளத்துடன் நலவாழ்வு விடுப்பு. கூடவே நிரந்தர உத்தரவு. இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி: மேற்படியாரின் வகுப்புகளையும் லேப்பையும், பதிவேடுகளின்படி வேதியியல் துறையில் மன அழுத்தமே இல்லாத ஒரே ஆசிரியரான திருமதி அமுதவல்லி கூடுதலாகக் கவனித்துக்கொள்வார்.

தாளைத் தூக்கிக்கொண்டு சிலம்பரசனிடம் ஓடினேன்.

"சார், நான் சொன்னது காதுலயே விழலியா? இந்த லீவ அவங்களுக்குக் குடுங்க சார். நான் டபுளா வேல செய்றேன்."

"உக்காருங்க சார். தண்ணி குடிங்க. லீவுல பேரு மாத்த முடியாது, உங்க பேரு போட்டு ரிப்போர்ட்டு போயிடுச்சி. அவங்கள நாங்க நம்பலன்னு யார் சொன்னது? அவங்க மயக்கத்துக்கு நீங்க சாட்சி. கரெக்ட்டு. ஆனா நீங்க மன அழுத்தத்துல இருக்கறவர்னு நாங்களே சர்ட்டிஃபை பண்ணிட்டோம். அப்படிப்பட்ட ஒருத்தர் சொல்றத வெச்சி நாளைக்கி ஆடிட்ல நான் எப்பிடி நிக்கறது?"

"அப்ப நான் லீவு எடுக்க மாட்டேன். நாளைக்கும் வருவேன்."

"வர முடியாது சார்" என்றார், அன்பாகத்தான் சொன்னார். "நீங்க வேலைக்கி வந்தா நாங்க ரெஸ்ட்டு குடுக்கலன்னு ஆயிடும். கேட்ல அந்தோணிராஜ் கிட்ட சொல்லிட்டேன். உங்க நல்லதுக்குத்தான்."

மறுநாள் காலை போனேன். நிஜமாகவே விடவில்லை. செக்யூரிட்டி அந்தோணிராஜ் எங்கள் பங்குக் கோயில் ஆள்தான், என் முகத்தைப் பார்க்காமல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். லேப் சாவி என்னிடம் இருந்தது. அதை வாங்க அமுதவல்லி மேடமே கேட்டுக்கு வந்தார். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"மேடம், நான் பாத்தேன். அன்னிக்கே பாத்தேன். உங்க கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேன் தம்பி. ரொம்ப நல்லா பேசினீங்களாம், எல்லாரும் சொன்னாங்க." கம்பிக்கு ஊடாகக் கை நீட்டிச் சாவியை வாங்கினார். "ரெண்டாவது வருஷத்துக்கு எந்த யூனிட்டுல நிறுத்தியிருக்கீங்க?"

"மூணாவது. பாதி முடிஞ்சிருக்குது."

"செரி. நான் பாத்துக்கறேன். நீங்க ஒடம்ப பாத்துக்கோங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அதை நிஜமாகவே சொன்னார். திரும்பி நடந்தார். லேப் இரண்டாவது மாடியில். படிக்கட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்குள் அந்தோணிராஜ், "சார், இங்க நிக்கவும் கூடாதாம் சார்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். இலக்கியா வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில். ஃபேனைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தேன். இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது, வரவும் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்துவிட்டது. மூன்று மாதமாக நான் அப்படித் தூங்கியதில்லை. கனவுகூட இல்லாத, அடித்துப் போட்ட தூக்கம். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது, தலை தெளிவாக இருந்தது, வயிறு பசித்தது. மணியைப் பார்த்தேன், மூன்று. சாயங்கால லேப்பில் ஐம்பது பிள்ளைகள், மேடம் ஆரம்பித்திருப்பார்.